இரண்டாம் நாள் படம்

தேயிலைச் செடியின் ஓர் இலைக்குள் புகுத்திய உணவு எந்தக் கிளைக்கு, எந்த வேருக்குப் போய்ச் சேர்கிறது என்று தேடுவதே தொண்ணூறுகளில் என் தொழிலாக இருந்தது. கதிர்வீச்சுள்ள பொருளைச் சிறிதளவு சேர்த்து அந்த உணவுக்கு அடையாளமிடுவோம். சில நாட்கள் கழித்துச் செடியைப் பிடுங்கி, அழுத்தி உலர்த்தி, எக்ஸ்ரே படத்தாளின் மேல் இருட்டில் வைப்போம். தாளைக் கழுவி எடுத்தால் அடையாளம் சென்ற இடமெல்லாம் கறுத்துத் தெரியும். படம் காட்டுவது அடையாளத்தை மட்டுமே, அது எதில் ஒட்டியிருந்ததோ அந்தப் பொருளை அல்ல என்ற எச்சரிக்கையை என் அறிக்கை ஒவ்வொன்றிலும் தவறாமல் எழுதிவந்தேன். இதை முதலில் சொல்லிவிடுகிறேன். இனி எழுதப்போகும் விஷயத்தில், அறியாமல் செய்தேன் என்று ஒதுங்கிக்கொள்ள எனக்கு வழியில்லை.

நாங்கள் இருவரும் யாழ்ப்பாணத்திலிருந்து வேலைக்காக மலைக்கு வந்தவர்கள். என் மனைவி ஹட்டனில் ஒரு பாடசாலையில் கணிதம் கற்பித்தாள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. ஓய்வு பெற்ற பிறகும் போர் காரணமாக ஊருக்குத் திரும்பக்கூடிய நிலைமை இருக்கவில்லை. தலவாக்கலைக்கு மேலே, தோட்டத்து எல்லையை ஒட்டிய ஒரு வாடகை வீட்டில் தங்கிவிட்டோம். இரண்டாயிரத்துக்குப் பின்வந்த ஆண்டுகளில், ஒரு காலை, குளியலறையிலிருந்து வந்தவள் சீப்பைக் கையிலிருந்து நழுவவிட்டாள். குனிந்து எடுக்க முயன்றபோது இடப்பக்கமாகச் சரிந்தாள். பாரிசவாதம். மூளையின் வலப்புறத்தில் இரத்தம் தடைப்பட்டிருந்தது. பேச்சு சற்றுக் குழறலோடு மீண்டது. கால் ஓரளவு மீண்டது. இடக்கை மீளவில்லை.

தென்னிந்திய நகரம் ஒன்றில் பாரிசவாத நோயாளிகளுக்கு அவர்களுடைய எலும்பு மச்சையிலிருந்தே கலங்களை, அதாவது செல்களை, எடுத்து மூளைக்குச் செலுத்திப் பார்க்கிறார்கள் என்பதை ஒரு சஞ்சிகையில் வாசித்தேன். செலுத்திய கலங்களில் ஒரு பகுதிக்குக் கதிர் அடையாளமிட்டு, அவை உடலில் எங்கே போகின்றன என்று கமெராவால் பின்தொடர்கிறார்கள் என்று அதே கட்டுரையில் இருந்தது. அந்த இரண்டாவது செய்திதான் என்னை எழுந்து உட்காரவைத்தது. என் மனைவியின் கைக்காகத்தான் போனோம் என்று அன்று நம்பினேன். இன்று அவ்வளவு உறுதியாகச் சொல்லமாட்டேன்.

கொழும்பு வீதியில் சோதனைச் சாவடிகள் மறுபடி முளைத்திருந்த காலம். வான் வண்டியில் அவளைச் சாய்த்துக் கிடத்தி, ஒவ்வோரிடத்திலும் இறங்கி அடையாள அட்டையும் வைத்தியச் சான்றும் காட்டி, எப்படியோ விமானம் ஏறினோம்.

அங்கே முதலில் சம்மதப் படிவம் தந்தார்கள். ஐந்து பக்கம். இது கலங்கள் எங்கே செல்கின்றன, இம்முறை ஆபத்தற்றதா என்று அறிவதற்கான ஆய்வு என்றும், நோயாளிக்குப் பலன் கிடைக்கும் என்று உறுதி கூறவில்லை என்றும் அதில் தெளிவாக எழுதியிருந்தது. நான் இரண்டு தடவை வாசித்தேன்.

"என்னெண்டு எழுதிக் கிடக்கு?" என்று கேட்டாள் என் மனைவி.

"வழமையான படிவம்தான். கையெழுத்து வையும்."

"என்ர கண்ணாடியை எடுங்கோவன்."

"அது பெட்டிக்குள்ள. நான் வடிவா வாசிச்சிட்டன்."

பரீட்சைத் தாளில் ஒரு தசமப் புள்ளியைக்கூடப் பார்க்காமல் கையெழுத்து வைக்காதவள், என் சொல்லை நம்பி வைத்தாள்.

இடுப்பெலும்பில் ஊசி இறக்கி மச்சையை எடுத்தார்கள். பிரித்து எடுத்த கலங்களை அன்றைக்கே தொடையிடுக்கில் உள்ள நாடி வழியாகச் செலுத்தினார்கள். இரண்டு மணித்தியாலம் கழித்து முதல் படம். நான் வெளியே காத்திருந்தேன். அந்த இளம் வைத்தியரிடம் என் பழைய தொழிலைப் பற்றி ஏற்கெனவே சொல்லியிருந்தேன். கேளாமலே சொன்னேன்.

"நீங்களும் இதே வேலை பாத்தவர்தானே சார்? உள்ள வாங்க, திரையிலயே பாக்கலாம்" என்றார்.

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் மேசையில் என் மனைவி மல்லாந்து கிடந்தாள். இந்தப் பக்கம் திரையில் அவளுடைய உடல் புள்ளி புள்ளியாகச் சேர்ந்துகொண்டிருந்தது. ஈரலும் மண்ணீரலும் கரிக்கட்டை போலக் கறுத்து எழுந்தன. நெஞ்சறை மங்கலாகத் தெரிந்தது. தலையின் வலப்புறத்தில் பெருவிரல் ஒற்றினாற்போல ஒரு மெல்லிய நிழல். அடையாளத்தின் கதிர் நேரத்தோடு தேய்வதை எப்படிக் கழித்துக் கணக்கிடுகிறீர்கள் என்று கேட்டேன். வைத்தியர் திரும்பிப் பார்த்து, "இதுவரைக்கும் நோயாளி கூட வந்த யாரும் இந்தக் கேள்வி கேட்டதில்ல சார்" என்றார். ஓய்வு பெற்ற பிறகு என்னை யாரும் அப்படிப் பார்த்ததில்லை.

ஒலிபெருக்கியில் "இஞ்சாருங்கோ" என்று கேட்டது. இடுப்பில் ஊசி இறக்கிய இடம் மேசையில் அழுந்தி நோகிறது என்று சொல்லத்தான் கூப்பிட்டிருக்கிறாள். அது மூன்றாவது தடவை என்று பக்கத்தில் நின்ற தாதி சொன்னபோதுதான் எனக்குத் தெரியவந்தது. அந்தக் கால் மணித்தியாலம் நான் மகிழ்ச்சியாக இருந்தேன். அதை வேறு சொல்லால் எழுத முடியவில்லை.

மறுநாள் இரண்டாவது படம் எடுத்தார்கள். தலையில் இருந்த நிழல் ஏறக்குறைய இல்லை. ஈரலும் மண்ணீரலும் அப்படியே இருந்தன. வைத்தியர் எதையும் மறைக்கவில்லை.

"பெரும்பாலும் ஈரலுக்குத்தான் போயிருக்கு சார். தலையில இருந்தது செல்லா, செல்ல விட்டுக் கழண்ட அடையாளமா, உயிரோட இருக்கா இல்லையா, எதையும் இத வச்சுச் சொல்ல முடியாது. உங்களுக்கே தெரியும்."

எனக்கே தெரியும். இரண்டு படங்களின் பிரதிகளையும் வாங்கிக்கொண்டு வார்டுக்குப் போனேன். படிகளில் ஏறும்போதே இரண்டாவதை என் கோப்புக்குள் வைத்துவிட்டேன்.

"போய்ச் சேர்ந்திட்டுதோ?" என்றாள்.

"ஓம்."

"எங்க, காட்டுங்கோ."

முதல் படத்தை வலக்கையில் வாங்கிக் கண்ணருகே பிடித்தாள். "தலையில இந்தக் கறுப்புத்தானோ?"

"அதுதான்."

"அப்ப வயித்துக்குள்ள ஏன் இவ்வளவு கறுப்பு?"

சரியான கேள்வி. "அது அவை போன பாதை" என்றேன்.

"இண்டைக்கும் எடுத்தவை. அது?"

"அதுவும் இப்பிடித்தான். ஒண்டுதான் தந்தவை."

அவள் படத்தை நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டு கண்ணை மூடினாள். நம்பிக்கை நோயாளிக்கு நல்லது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வீட்டுக்குத் திரும்பியதும் அவளுக்கு உதவியாக ஒரு பெண்ணை அமர்த்தினோம். பக்கத்துத் தோட்டத்தில் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் இருப்பவர். முப்பது ஆண்டு கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். என் மனைவி அவரைத் தங்கச்சி என்றாள். நான் அவரை எந்தப் பெயராலும் அழைத்ததில்லை. "தேத்தண்ணி," "வெந்நீர்" என்று தேவையை மட்டும் சொல்வேன். இங்கே மனைவியின் சொல்லையே கடன் வாங்குகிறேன்.

தங்கச்சி வந்த முதல் வாரமே அந்தப் படத்தைச் சுவாமி அறையில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்துச் சந்தனப் பொட்டும் இட்டுவிட்டார்.

"என்ர மண்டையை நானே கும்பிடுறதோ?" என்று என் மனைவி சிரித்தாள்.

"உங்க மண்டைக்கு என்னங்கம்மா கொறைச்சல்? ஐயா மண்டைய வச்சாத்தான் சாமி கோவிச்சுக்கும்."

நான் முன்னறையில் பத்திரிகையோடு இருந்தேன். இருவரும் சிரித்து முடியும்வரை பக்கத்தைத் திருப்பவில்லை.

வைத்தியர்கள் எழுதித் தந்த பயிற்சிகளில் ரப்பர் பந்தை அழுத்துவது ஒன்று. தங்கச்சிக்கு அது பிடிக்கவில்லை. வேலிக்கு உள்ளே எங்கள் வளவில் வெட்டாமல் விட்ட சில தேயிலைச் செடிகள் நின்றன. அவற்றை இடுப்பளவுக்குக் கவ்வாத்து வெட்டித் தளிர்க்கவிட்டார். துளிர் வந்ததும் என் மனைவியை நாற்காலியோடு செடியருகே கொண்டுபோய் வைத்து, செத்த கையை எடுத்துக் கொழுந்தின்மேல் வைப்பார்.

"கிள்ளக் கூடாதும்மா, நகம் படக் கூடாது. ஒடிக்கணும். பெருவெரலும் ஆள்காட்டி வெரலும் பேசிக்கணும்."

"என்ர விரல் ரெண்டும் கோவம் போல."

"புருசன் பொண்டாட்டின்னா கோவம் வரத்தான் செய்யும். விடாதீங்க, ஒடிங்க."

என் மனைவி ஒரு சதுரக்கோட்டுக் கொப்பியில், தானாக ஒடித்த கொழுந்துகளின் தொகையை ஒவ்வொரு நாளும் குறித்தாள். மாதமுடிவில் வரைபு கீறினாள். முதல் இரண்டு மாதம் கோடு சற்று ஏறியது. பிறகு படுத்துவிட்டது. கொப்பியை என்னிடம் நீட்டி ஒரு நாள் சொன்னாள்:

"கலம் எல்லாம் வந்து நிக்குது. நான்தான் வேலை குடுக்கேல்லை. பழுதில்லாத மாணவரை வைச்சுக்கொண்டு படிப்பிக்கத் தெரியாத ரீச்சர் மாதிரி."

அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். நான் வரைபைப் பார்த்தேன். "இன்னும் கொஞ்சம் முயற்சி செய்யும்" என்றேன்.

அவள் செய்தாள். பனி விலகாத காலையிலேயே நாற்காலியைத் தூக்கச் சொல்வாள். மூக்கு சிவந்து, சால்வை நனைந்து, ஒரு கொழுந்துக்காகப் பத்து நிமிடம் முயல்வாள். தங்கச்சி "போதும்மா, குளிருது" என்று கெஞ்சுவார். "சும்மா இரு. இவ்வளவு பேர் பாடுபட்டு உள்ளுக்க அனுப்பினதை நான் வீணாக்கிறதோ?" என்பாள். ஜன்னலுக்குள் நின்று நான் கேட்டுக்கொண்டிருந்தேன். பதினொரு மாதம்.

அதன் பிறகுதான் தங்கச்சியின் அண்ணனும் பாரிசவாதத்தில் விழுந்தார். தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் மாடியில் வேலை செய்தவர். நுவரெலியா ஆஸ்பத்திரியில் இரண்டு வாரம் வைத்திருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். ஒரு பக்கம் முழுதும் இயங்கவில்லை. ஒரு பின்னேரம் நான் விறாந்தையில் இருந்தபோது தங்கச்சி வெறுங்கோப்பையை எடுக்க வந்து, எடுக்காமல் நின்றார்.

"ஐயா, அம்மாவுக்கு எலும்புல இருந்து எடுத்து ஊத்துனாங்களே, அது எங்க அண்ணனுக்கும் செய்யலாமுங்களா?"

"அது எல்லாருக்கும் குடுக்கிறதில்லை" என்றேன்.

"எங்கள மாதிரி ஆளுகளுக்குக் குடுக்க மாட்டாங்களா?"

அந்தச் சிகிச்சையால் யாருக்கும் பலன் நிரூபணமாகவில்லை என்று ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். ஆனால் உள்ளறையில் என் மனைவி விழித்திருந்தாள், கதவு திறந்திருந்தது. என் பொய்யைக் காப்பதற்காக, அவர் தமக்குத் தோன்றியதையே பதிலாக எடுத்துக்கொள்ளும்படி விட்டுவிட்டேன்.

"அதுவும் சரிதாங்க. லயத்து ஆளுகளுக்கு எங்க குடுக்கப்போறாங்க" என்று சொல்லிவிட்டுக் கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். குரலில் கோபம் இல்லை. பழகிப்போன ஒன்றைக் கேட்டவரின் குரல்.

இரவுச் சாப்பாட்டின்போது என் மனைவி கேட்டாள்: "ஏன் அப்பிடிப் பேசாமல் இருந்தனீங்கள்?"

"எப்ப?"

"நான் கேட்டுக்கொண்டுதான் கிடந்தனான். ஒரு வருசமா அவள் என்ர கையைத் தன்ர கையில வைச்சிருக்கிறாள். அவளின்ர தமையனுக்கு ஒரு கடிதம் எழுத உங்களுக்கு என்ன கரைச்சல்? அந்த டொக்டருக்கு உங்களைப் பிடிக்கும்தானே."

"பாப்பம்."

என் "பாப்பம்" என்பதன் பொருள் அவளுக்குத் தெரியும். ஆகவே மறுநாள் அவளே தங்கச்சியிடம் சொல்லிவிட்டாள்: ஐயா கடிதம் எழுதுவார், நீ ஆயத்தம் செய். கதை லயம் முழுதும் பரவியது. பாஸ்போட்டுக்கும் பயணத்துக்கும் வழி வேண்டும். அண்ணன் குடும்பத்தில் விற்பதற்கு இருந்தது ஒரு சினைப் பசு. ராகலையிலிருந்து மாட்டு வியாபாரி ஞாயிற்றுக்கிழமை வருவதாகப் பேச்சு முடிந்தது. சனிக்கிழமை காலை, கஞ்சி வைத்துக்கொண்டே தங்கச்சி இதை என் மனைவியிடம் சந்தோஷமாகச் சொல்வது எனக்குக் கேட்டது.

அவர் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றப் போன நேரம், அலுமாரியைத் திறந்து கோப்பிலிருந்து இரண்டாவது படத்தை எடுத்து வந்து கட்டிலில் வைத்தேன். என் மனைவி கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள்.

"இது எப்ப எடுத்தது?"

"அடுத்த நாள்."

நெடுநேரம் பார்த்தாள். "தலையில ஒண்டும் இல்லை."

"இல்லை."

"போன பாதை எண்டனீங்கள்."

"ஓம்."

அவள் அழவில்லை. தலையணைக்கருகே கிடந்த கொப்பியைத் திறந்து, படுத்துக் கிடந்த அந்தக் கோட்டின்மேல் வலக்கை விரலை வைத்து இறுதிவரை நகர்த்தினாள். "இவ்வளவு நாளும் நான் என்னைத்தான் ஏசிக்கொண்டிருந்தனான்" என்றாள். பிறகு கொப்பியை மூடினாள். "அவளுக்குச் சொல்லுங்கோ. இப்பவே. நாளைக்கு மாட்டுக்காரன் வாறான்."

விறாந்தைக்குப் போனேன். தங்கச்சி வாளியை இறக்கிவிட்டு நிமிர்ந்தார். நான் தொடங்கினேன். இச்சிகிச்சை இன்னமும் ஆய்வு நிலையிலேயே இருக்கிறது என்றேன். செலுத்தப்பட்ட கலங்களின் பரம்பல் குறித்து மாறுபட்ட முடிவுகள் உள்ளன என்றேன். வாழ்நாள் முழுதும் கூட்டங்களில் பேசிய தமிழ் அது. அவர் முந்தானையில் கையைத் துடைத்தபடி, மரியாதையோடு, எதுவும் விளங்காமல் புன்னகைத்துக்கொண்டிருந்தார். "நான் பொய் சொன்னேன்" என்ற மூன்று சொல் என் வாயில் வரவில்லை.

"தங்கச்சி, இஞ்ச வா" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

நானும் பின்னால் போய் வாசலில் நின்றேன்.

"மாட்டை விக்க வேண்டாம். அந்த மருந்து வேலை செய்யேல்லை. என்ர தலைக்கு ஒண்டும் போய்ச் சேரேல்லை. படத்தை நான் பிழையா விளங்கிக்கொண்டன்."

"என்னங்கம்மா சொல்றீங்க? ஐயா போயிருச்சின்னுதானே சொன்னாரு?"

"ஐயா அப்பவே சொன்னவர், இல்லையெண்டு. நான்தான் கேக்கேல்லை. எனக்கு ஆசை."

தங்கச்சி திரும்பி என்னைப் பார்த்தார். "அப்புடிங்களா ஐயா?"

என் மனைவி என்னைப் பார்க்கவில்லை. ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பியிருந்தாள். நான் சொல்வதற்கு அவள் இடம் விட்டிருந்தாள் என்றே இப்போது நினைக்கிறேன்.

"ஓம்" என்றேன்.

தங்கச்சி கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். "சரி விடுங்கம்மா. பசுவாவது மிஞ்சுச்சு" என்று என் மனைவியின் காலைத் தடவிக்கொடுத்தார். வியாபாரியைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அண்ணன் லயத்து வாசலில் வெயில் காய்ந்தபடி நெடுநாள் இருந்தார். பசு கன்று போட்டது. முதல் சீம்பாலைத் தங்கச்சி எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

அதன் பிறகும் என் மனைவி செடியருகே போய் உட்கார்ந்தாள். ஆனால் எண்ணவில்லை. இருவரும் பேசிக்கொண்டிருப்பார்கள்; கொழுந்து முற்றி இலையாகும். இரண்டு படங்களையும் பற்றி என்னிடம் ஒருபோதும் பேசவில்லை, கோபித்துக்கொள்ளவும் இல்லை. ஒரே ஒரு மாற்றம். நான் எந்தக் காகிதத்தை நீட்டினாலும், மின்சாரப் பட்டியலானாலும் மருந்துச் சீட்டானாலும், கண்ணாடியைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை தானே வாசித்த பிறகுதான் தலையசைப்பாள். நான் அருகில் நின்று காத்திருப்பேன். ஏழு மாதம் அப்படிக் காத்திருந்தேன். பிறகு பாரிசவாதம் இரண்டாவது தடவை வந்தது. அன்று அவள் கண்ணாடியைக் கேட்கவில்லை.

தங்கச்சியின் லயம் எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிட நடை. அவரிடம் போய் உள்ளதைச் சொல்லிவிடலாம் என்று பல காலைகளில் செருப்பை மாட்டியிருக்கிறேன். சொல்லத் தக்க சந்தர்ப்பம் ஒன்று தானாகவே வந்தது. அதில் நான் செய்ததையும் எழுதிவிட வேண்டும்.

அவளுடைய முப்பத்தோராம் நாள் சடங்கு முடிந்து சாப்பாடும் ஆன பின் சிலர் விறாந்தையில் அமர்ந்திருந்தார்கள். என் பழைய சக ஊழியர்கள், அவளோடு படிப்பித்த ஆசிரியைகள் இருவர். வெற்றிலைத் தட்டை வைக்க வந்த தங்கச்சியிடம் ஓர் ஆசிரியை, நீங்கள்தானே கடைசிவரை பார்த்தது என்று கேட்டார். தங்கச்சி பசுவின் கதையை முழுவதுமாகச் சொன்னார்.

"படிச்சவங்க தப்பு பண்ணா ஒத்துக்குவாங்களா? எங்கம்மா ஒத்துக்கிட்டாங்க. ஐயா இல்லைன்னு சொல்லியும் நான்தான் கேக்கலன்னு, எம் மூஞ்சிக்கு நேராவே சொன்னாங்க. அன்னைக்கு மட்டும் அவங்க சொல்லலேன்னா எங்க அண்ணன் புள்ளைங்க தெருவுல நின்னுருக்கும்."

எல்லோரும் தலையசைத்தார்கள். என்னோடு ஆய்வுக்கூடத்தில் இருந்த ஒருவர் மட்டும், இரக்கமான ஒரு சிரிப்போடு, தாழ்ந்த குரலில் என் பக்கம் சாய்ந்தார்.

"எண்டாலும், கணக்கு ரீச்சர். ஒரு படத்தை இவ்வளவு பிழையா விளங்கினவவோ?"

நான் அவருக்குத் தேநீர் நீட்டிக்கொண்டிருந்தேன். தங்கச்சி தூணருகே நின்றார். எல்லா முகங்களும் என் பக்கம் திரும்பியிருந்தன.

"நோய்க்காரிதானே" என்றேன்.

அவர் கோப்பையை வாங்கிக்கொண்டார்.